கட்டாத வீட்டைக் காட்டும் கணிப்பொறி

முன்னாளில் வீடு கட்டுவோர் மனையைத் துப்புரவு செய்து, கயிறு பிடித்து, சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட்டு, "இது கூடம், இது சமையலறை" என்று கொத்தனார் சொல்லக் கேட்டுத் தலையசைப்பார்கள். கூடத்தில் மாலை வெயில் எப்படி விழும், மாடிப்படியின் கீழே எவ்வளவு இருட்டு நிற்கும் என்பன எல்லாம் வீடு முடிந்த பிறகுதான் தெரியவரும். இன்றைய நிலைமை வேறு. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலை ஒன்றில் உழைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்து, கவரைப்பேட்டையிலோ எளாவூரிலோ மனை வாங்கியவர், கடைக்கால் தோண்டுமுன்பே தம் வீட்டுக் கூடத்தைப் படமாகக் காண விரும்புகின்றார். சுவரின் நிறம், தரையின் பளபளப்பு, சன்னல் வழியே வரும் வெளிச்சம் ஆகிய யாவும் அப்படத்தில் இருக்கவேண்டும் என்கின்றார். அத்தகைய படத்தை ஆக்கித் தருவதையே தொழிலாகக் கொண்ட இளைஞர்கள் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் பெருகி வருகின்றனர். அவர்களுக்கு முதற்கருவி கணிப்பொறி. எந்தக் கணிப்பொறியை வாங்குவது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நான் 30 ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் கற்பித்தவன். இந்தப் படங்களின் உள்ளே நடப்பது முழுவதும் ஒளியியற் பாடமே. மேலும், என்னிடம் படித்தவர்கள் கடன் வாங்கிய பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, கடைக்காரர் இதைச் சொல்கிறார், வாங்கலாமா?" என்று கேட்க வருகின்றார்கள். அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கின்றேன்.

முதலில் ஒரு வேறுபாட்டை உணரவேண்டும். வீட்டமைப்பு மென்பொருளில் நடைபெறும் வேலைகள் மூன்று. மேலிருந்து பார்ப்பதுபோல் கோடுகளால் வரைபடம் வரைவது ஒன்று. அதனை நீளம், அகலம், உயரம் உடைய உருவமாக எழுப்புவது மற்றொன்று. அவ்வுருவத்தின்மேல் ஒளி பாய்ந்தால் எவ்வாறு தோன்றும் என்று கணக்கிட்டுப் படமாக்குவது மூன்றாவது. இம்மூன்றாவதைத் தொழில் செய்வோர் ரெண்டரிங் என்கின்றனர். நானும் அச்சொல்லையே ஆள்கின்றேன். புதுச்சொல் படைத்து நேயர்களைத் திகைக்க வைப்பதில் எனக்கு விருப்பமில்லை.

வரைபடத்துக்கு வலிமை மிக்க பொறி வேண்டுவதில்லை. 2024-ஆம் ஆண்டு சூலை மாதத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் குடியிருப்புக்குச் சுயசான்று முறையில் இணையத்தின் வழி உடனடி அனுமதி வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. அதற்கு வேண்டிய வரைபடங்களைப் பத்தாண்டுப் பழமையான கணிப்பொறியிலும் வரையலாம். உருவம் எழுப்பும் வேலையும் அவ்வளவு கடுமையானதன்று. ஸ்கெட்ச்அப் போன்ற மென்பொருள்கள் அவ்வேலையின்போது பிராசசரின் ஒரே ஒரு கருவையே பெரும்பாலும் பயன்படுத்துகின்றன. ஆதலின் பல கருக்கள் கொண்ட பிராசசரை வாங்கினாலும், அக்கட்டத்தில் ஒரு கரு உழைக்க மற்றவை கைகட்டி நிற்கும். பொறியைத் திணற வைப்பது ரெண்டரிங் ஒன்றே.

அது ஏன் திணறுகின்றது? கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் நாம் காண்கின்றோம் என்று பண்டைக் கிரேக்கத்தில் யூக்ளிட் எண்ணினார். அது தவறு, ஒளிதான் பொருளிலிருந்து கண்ணுக்கு வருகின்றது என்று 11-ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞர் இப்னு அல் ஹைத்தம் விளக்கினார். வகுப்பறையில் யூக்ளிட் கருத்தைத் தவறு என்றே நாங்கள் கற்பித்தோம். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: கணிப்பொறி அந்தப் பழைய வழியைத்தான் மேற்கொள்கின்றது. விளக்கிலிருந்து புறப்படும் கோடானு கோடிக் கதிர்களுள் கண்ணை வந்தடைவன மிகச் சிலவே. வராத கதிர்களைக் கணக்கிட்டு என்ன பயன்? ஆகவே கண் இருக்கும் இடத்திலிருந்து கதிரைப் பின்னோக்கி அனுப்பி, அது எதில் பட்டு, எங்கே திரும்பி, எந்த விளக்கைச் சென்றடைகின்றது என்று தேடுகின்றது. தவறான கொள்கை சிக்கனமான கணக்காகப் பயன்படுகின்றது.

1980-இல் டர்னர் விட்டட் என்ற அமெரிக்க அறிஞர், கண்ணாடிக் கோளத்தில் ஒளி திரும்புவதையும் ஊடுருவுவதையும் இம்முறையில் கணக்கிட்டுக் காட்டினார். இரண்டு கோளமும் ஒரு கட்டமிட்ட தரையும் கொண்ட சிறு படத்துக்கே அக்காலத்துப் பொறி ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைத்தது. 1986-இல் ஜேம்ஸ் கஜியா என்பவர், சுவரிலிருந்து சுவருக்குத் தெறிக்கும் ஒளி உட்பட அனைத்தையும் ஒரே சமன்பாட்டில் அடக்கினார். இன்றைய வீட்டுப் படங்கள் பெரும்பாலும் அச்சமன்பாட்டின் வழிவந்தவை.

இப்பொழுது கரும்பலகைக் கணக்கு ஒன்று போடுவோம். சாதாரணத் திரையை நிரப்பும் ஒரு படத்தில், குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன. பெருக்கினால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கதிர் மட்டும் அனுப்பினால் படம் மணல் தூவியதுபோல் இருக்கும். ஆதலின் புள்ளிக்கு 500 கதிர்கள் என்று கொள்வோம். மொத்தம் 103 கோடியே 68 லட்சம் கதிர்கள். ஒவ்வொன்றும் சுவரிலும் தரையிலும் ஆறு முறை தெறித்தால், 600 கோடிக்கு மேற்பட்ட மோதல்கள். ஒரு கூடத்தின் ஒரு படத்துக்கு இத்தனை! இன்னொன்றும் உண்டு. அந்த மணல் தூவல் பாதியாகக் குறையவேண்டுமானால் கதிர்களை இருமடங்கு ஆக்கினால் போதாது. நான்கு மடங்கு ஆக்கவேண்டும். அஃதாவது, இறுதிச் சிறு மெருகுக்குத்தான் காலம் மிகுதியாகச் செலவாகின்றது.

இங்கே செலவில்லாத உதவி ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன். எஞ்சிய மணலைத் தானே துடைத்தெடுக்கும் நிரல் ஒன்றை இன்டெல் நிறுவனம் 2019-இல் இலவசமாக வெளியிட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே அது பிளெண்டர் என்னும் இலவச மென்பொருளில் இடம்பெற்றது. அதனைப் பயன்படுத்தினால் 500 கதிர் வேண்டிய பல இடங்களில் 100, 150 கதிர்களே போதுமானவை ஆகின்றன. புதுப்பொறி வாங்காமலே வேலை மூன்று மடங்கு விரைவுபெறுகின்றது. கடையில் இதை யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவர்களுக்கு விற்பனை ஏது?

நிற்க. இக்கணக்கைச் செய்பவர் இருவருள் ஒருவர். ஒருவர் பிராசசர், மற்றவர் கிராபிக்ஸ் கார்டு. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமை எண்ணிப் பாருங்கள். கட்டுரை, கணக்கு, வரைபடம் எதைக் கொடுத்தாலும் திருத்தவல்ல மூத்த ஆசிரியர்கள் எட்டுப்பேர் ஓர் அறையில் இருக்கின்றார்கள். அது பிராசசர். ஒரே வகையான சிறு கூட்டலை மட்டும் செய்யத் தெரிந்த மாணவர்கள் மூவாயிரம்பேர் மைதானத்தில் வரிசையாக அமர்ந்திருக்கின்றார்கள். அது கிராபிக்ஸ் கார்டு. எண்ணிக்கையை மிகைப்படுத்தவில்லை; என்விடியா நிறுவனத்தின் ஆர்.டி.எக்ஸ். 4060 என்னும் கார்டில் 3,072 கணிப்புக் கருக்கள் உள்ளன. 600 கோடி மோதல்களும் ஏறத்தாழ ஒரே வகைக் கணக்குகள் ஆதலின், மைதானத்து மாணவர்கள் அறைக்குள் இருக்கும் ஆசிரியர்களை எளிதில் முந்திவிடுவார்கள்.

அப்படியானால் விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டை வாங்கிவிட்டால் போதும் அல்லவா என்று கேட்பீர்கள். அங்கேதான் பணம் வீணாகும் இடம் இருக்கின்றது. வேலையை மைதானத்துக்கு அனுப்புவதா, அறைக்குள் வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்வது நீங்களும் அல்லீர், கடைக்காரரும் அல்லர். நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளே.

பொன்னேரிப் பக்கத்து மாணவி ஒருத்தியின் செய்தியைச் சொல்கின்றேன். கட்டடப் பொறியியலில் டிப்ளமோ முடித்தவள். தகப்பனார் இல்லை. தாயார் வளையலை அடகு வைத்துக் கொடுத்த பணத்தில் கணிப்பொறி வாங்கி, ஸ்வீட் ஹோம் 3டி என்ற இலவச மென்பொருளில் வீட்டுப் படங்கள் செய்துகொண்டிருந்தாள். எளிமையான, நல்ல மென்பொருள் அது. 2006 முதல் வழக்கில் உள்ளது. ஒரு படம் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. வாடிக்கையாளர் சுவர் நிறத்தை மாற்றச் சொன்னால் இன்னொரு முக்கால் மணி. கடையில் கேட்டிருக்கின்றாள். "முப்பதாயிரத்துக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் பறக்கும்" என்றார்களாம். தாயார் இரண்டாவது வளையலையும் கழற்ற ஆயத்தமானார்.

நான் அவளிடம் படம் ஆகிக்கொண்டிருக்கும்போது டாஸ்க் மேனேஜர் என்னும் கண்காணிப்புப் பலகையைத் திறந்து பார்க்கச் சொன்னேன். பிராசசர் நூற்றுக்கு நூறு உழைத்துக்கொண்டிருந்தது. கிராபிக்ஸ் பகுதி ஏறக்குறைய உறங்கிக்கொண்டிருந்தது. வியப்பில்லை. ஸ்வீட் ஹோம் 3டி திரையில் உருவத்தைச் சுழற்றிக் காட்டக் கார்டைப் பயன்படுத்தும். ஆனால் ஒளிப்படம் ஆக்கும் வேலையைச் சன்ஃப்ளோ என்னும் நிரலிடம் ஒப்படைக்கின்றது. அது பிராசசரிலே ஓடுவது. முப்பதாயிரம் அன்று, மூன்று லட்ச ரூபாய்க் கார்டைச் செருகினாலும் அந்த முக்கால் மணி குறையாது.

அவளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. கருக்கள் மிகுந்த பிராசசருக்கு மாறுவது ஒன்று. ஸ்வீட் ஹோமில் எழுப்பிய உருவத்தை ஓ.பி.ஜே. வகைக் கோப்பாக வெளியேற்றி, பிளெண்டரில் ஏற்றி, அங்கே ரெண்டரிங் செய்வது மற்றொன்று. பிளெண்டரின் சைக்கிள்ஸ் என்னும் நிரல் பிராசசரிலும் ஓடும், கார்டிலும் ஓடும். அவள் இரண்டாவதைத் தேர்ந்தாள். முதல் இரண்டு மாதம் ஒரு காசும் செலவிடாமல் பழைய பொறியிலேயே பழகினாள். கை பழகிய பின்பே கார்டு வாங்கினாள். அவ்வரிசை மிக முக்கியமானது என்று கருதுகின்றேன்.

பிற மென்பொருள்களைப் பற்றி விரைந்து சொல்லிவிடலாம். லூமியான், என்ஸ்கேப், ட்வின்மோஷன், டி5 ஆகிய நான்கும் கிராபிக்ஸ் கார்டையே நம்பி வாழ்பவை. நல்ல கார்டு இல்லையேல் அவற்றைத் தொடவேண்டா. வி-ரே இரண்டு வழியிலும் இயங்கும். கார்டு என்றால் எல்லாக் கார்டும் ஒன்றல்ல. பிளெண்டர் என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் ஆகிய மூன்று நிறுவனங்களின் கார்டுகளிலும் இயங்கும். வேறு சில நிரல்கள் என்விடியாவை மட்டுமே ஏற்கும். வாங்குமுன் மென்பொருள் நிறுவனம் வெளியிட்டுள்ள தேவைப் பட்டியலைப் படித்துவிட வேண்டும். பிளெண்டர் அமைப்பினர் ஓப்பன் டேட்டா என்ற பெயரில் ஒரு மதிப்பெண் பட்டியலையும் வைத்திருக்கின்றனர். உலகெங்குமுள்ள பயனாளர்கள் தத்தம் பொறியில் ஒரே சோதனையை நடத்தி அளித்த மதிப்பெண்கள் அவை. விளம்பரத்தைவிட அதனை நம்பலாம்.

அடுத்தது கார்டின் நினைவகம். இதுதான் பலர் கவனிக்கத் தவறும் இடம். மைதானத்து மாணவர்களுக்கு முன்னே ஒரு பலகை இருக்கின்றது என்று கொள்ளுங்கள். வீட்டின் முழு விவரமும் அப்பலகையில் எழுதப்பட்டால்தான் அவர்கள் கணக்குப் போடமுடியும். பலகை போதாவிட்டால் வேலை நின்றுவிடும், அல்லது ஆமை வேகத்தில் நகரும். தரைக்கு ஓடு, சோபாவுக்குத் துணி, கதவுக்குத் தேக்கு என்று ஒட்டும் படங்கள்தாம் அப்பலகையை நிரப்புகின்றன. 4,096-க்கு 4,096 புள்ளி கொண்ட ஒரு படம், புள்ளிக்கு 4 பைட்டு வீதம் 64 எம்.பி. இடம் கொள்ளும். வட்டில் அது 4 எம்.பி. கோப்பாகச் சுருங்கிக் கிடக்கலாம்; பலகையில் விரிந்தால் 64. நிறத்துக்கு ஒன்று, சொரசொரப்புக்கு ஒன்று, மேடு பள்ளத்துக்கு ஒன்று என ஒரு பொருளுக்கு மூன்று படங்கள். ஆக 192 எம்.பி. அத்தகைய பொருள்கள் 40 இருந்தால் 7,680 எம்.பி. அஃதாவது ஏழரை ஜி.பி. எட்டு ஜி.பி. கார்டு நிரம்பிவிட்டது, இன்னும் சுவரே எழுதவில்லை.

இதற்குக் கார்டை மாற்றுவது ஒரு வழி. மூலையில் கிடக்கும் கால்மிதிக்கு 4,096 புள்ளிப் படம் எதற்கு என்று கேட்டு 1,024 புள்ளிப் படத்தை ஒட்டுவது இன்னொரு வழி. அது 4 எம்.பி.தான்; பதினாறில் ஒரு பங்கு. கால்மிதியை யாரும் உற்றுப் பார்க்கப் போவதில்லை.

கார்டுகளின் பெயரிலுள்ள எண்ணைக் கண்டு மயங்கலாகாது. 2021-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3060-இன் பரவலான வகையில் 12 ஜி.பி. நினைவகம் உண்டு. 2023-இல் வந்த 4060-இல் 8 ஜி.பி.தான். புதியது விரைவாகக் கணிக்கும், மின்சாரமும் குறைவு. பழையது பெரிய வீட்டைத் தாங்கும். மடிக்கணினியில் நிலைமை இன்னும் குழப்பமானது. மேசைக் கணிப்பொறிக்குரிய ஆர்.டி.எக்ஸ். 4070 கார்டில் 12 ஜி.பி.; அதே பெயர் தாங்கிய மடிக்கணினிக் கார்டில் 8 ஜி.பி. பெயர் ஒன்று, பொருள் வேறு. நாள்தோறும் வாடிக்கையாளர் வீட்டுக்குச் சென்று காட்டவேண்டிய கட்டாயம் இல்லாதவருக்கு மேசைக் கணிப்பொறியே ஏற்றது என்பது என் துணிபு. படத்தைக் கைப்பேசியில் காட்டினாலும் போதுமே.

ரேம் 16 ஜி.பி. குறைந்த அளவு, 32 நல்லது. ஒரே துண்டாக அன்றி இரண்டாகப் போடுக. வட்டு எஸ்.எஸ்.டி.யாக இருக்கட்டும். இவற்றில் வாதத்துக்கு இடமில்லை.

நம் மாவட்டத்துக்கே உரிய செய்தி ஒன்று உண்டு. நூல்களில் காணும் பரிந்துரைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு அறைகளை எண்ணி எழுதப்பட்டவை. கோடையில் தமிழகத்தின் மிகுந்த வெப்பம் பதிவாகும் ஊர்களுள் திருத்தணியும் ஒன்று. கான்கிரீட் கூரையின் கீழ் பிற்பகலில் அறையே கொதிக்கும். பிராசசர்கள் 95 முதல் 100 பாகை வெப்பத்தை அடைந்தால், தம்மைக் காத்துக்கொள்ளத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. மெல்லிய மடிக்கணினியில் அந்நிலை சில நிமிடங்களிலேயே வந்துவிடும். பணம் கொடுத்து வாங்கிய வேகம் மே மாதத்தில் கிடைக்காது. வண்ண விளக்குகள் மின்னும் கண்ணாடிக் கேபினெட்டை விட, முன்புறம் முழுவதும் வலைக்கண் உள்ள எளிய கேபினெட் நமக்கு ஏற்றது. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைகளுக்கும் உருட்டாலைகளுக்கும் அருகில் குடியிருப்போர் தூசியையும் எண்ணவேண்டும். மொட்டை மாடியில் காயும் வேட்டியில் படியும் கருந்தூள் விசிறி வழியே பொறிக்குள்ளும் போகும். வலைக்கண்ணுக்குக் கழற்றிக் கழுவத்தக்க வடிகட்டி இருக்கட்டும். மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும்.

மின்சாரத்தைப் பார்ப்போம். மாவட்டத்தில் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் பெரிய அனல் மின் நிலையங்கள் இருப்பது உண்மைதான். அதனால் நம் தெருவில் மின்சாரம் போகாது என்று பொருளில்லை. வாடிக்கையாளர் வீட்டுக்குள் நடந்து செல்வதுபோல் 30 நொடி அசையும் படம் கேட்கின்றார். நொடிக்கு 24 படம் வீதம் 720 படங்கள். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் என்றால் 3,600 நிமிடம். 60 மணி நேரம். பொறி 400 வாட் இழுத்தால் 24 யூனிட். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட்டுக்கே கட்டணச் சலுகை உண்டு. அதில் ஒரு பங்கை ஒரே வேலை தின்றுவிடும். கூலி பேசும்போது இதனையும் சேர்க்கவேண்டும். பல பிள்ளைகள் சேர்ப்பதில்லை.

அந்த 60 மணி நேரத்தில் ஒருமுறை மின்சாரம் போனால்? கடையில் தள்ளிவிடும் 600 வி.ஏ. யூ.பி.எஸ். ஏறத்தாழ 360 வாட்தான் தாங்கும். ரெண்டரிங் நடக்கும்போது கைவிட்டுவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் யூ.பி.எஸ். நிலைக்கு மாற்றும் விசை இருந்தால் அதனைப் போட்டிருக்க வேண்டும். இல்லையேல் இணைப்பு மாறும் கண நேரத்துக்குள் கணிப்பொறி அணைந்துவிடும். இவற்றையெல்லாம்விட மேலான காப்பு ஒன்று உண்டு. அசையும் படத்தை ஒரே காணொளிக் கோப்பாக ஆக்காமல் 720 தனித்தனிப் படங்களாகச் சேமிக்கவேண்டும். 500-ஆவது படத்தில் மின்சாரம் போனால் 499 படங்கள் பத்திரமாக இருக்கும். பிறகு கோத்துக்கொள்ளலாம். மின்வழங்கிப் பெட்டியாகிய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மட்டும் சிக்கனம் கூடாது, மலிவான எஸ்.எம்.பி.எஸ். பழுதானால் தான் மட்டும் சாவதில்லை.

வாங்குமிடம் பெரும்பாலோருக்குச் சென்னை ரிச்சி தெருதான். செல்லும்போது நீங்கள் உண்மையில் செய்த வீட்டுக் கோப்பு ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். வாங்க எண்ணும் கார்டில் அதனை ஓடவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். மறுக்கும் கடையைவிட்டு அடுத்த கடைக்குச் செல்லலாம். அத்தெருவில் கடைக்குப் பஞ்சமில்லை. பழைய கார்டு வாங்குவோர் ஒன்று நினைவிற்கொள்க. 2022 செப்டம்பரில் ஈத்தீரியம் என்னும் மின்னணு நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, இரவு பகலாக நாணயம் எடுக்க உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றின் விசிறியும் வெப்பப் பசையும் தேய்ந்திருக்கலாம். அரைமணி நேரம் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கவேண்டா.

பில்லில் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும். உத்தரவாதம் அந்த எண்ணுக்கே உரியது, உங்கள் முகத்துக்கு அன்று. மூர் மார்க்கெட் வளாகத்தில் ஏறிக் கும்மிடிப்பூண்டிக்கோ திருவள்ளூருக்கோ வருவோர், ஆலைப் பணி விடும் நேரத்துக் கூட்டத்தைத் தவிர்த்து நண்பகல் வண்டியில் வருவது நலம். கடையிலேயே முழுவதும் பொருத்தி வாங்கினாலும், கிராபிக்ஸ் கார்டை மட்டும் கழற்றி அதன் அட்டைப்பெட்டியில் தனியே வைத்து மடியில் கொண்டுவாருங்கள். பொருத்திய நிலையில் வண்டி குலுங்கினால், கார்டின் எடையே அது செருகப்பட்ட இடத்தை உடைத்துவிடும்.